கடைசி அறைக்கு எட்டாத வைஃபை

அம்மாவின் அறை வீட்டின் கடைசியில் இருக்கிறது. இணைய இணைப்பு வாசல் பக்கமாக உள்ளே வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மொத்த வீடும் கிடக்கிறது.

ராத்திரி எட்டு மணிக்கு அம்மா பேத்தியோடு வீடியோவில் பேசுவார். போனைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவர் சொல்லும் முதல் வார்த்தையே "கேக்குதா?" என்பதுதான். பதில் வராது. "கேக்குதா கண்ணு?" என்று மறுபடி கேட்பார். பேத்தியின் முகம் அம்மாவுக்கு ஓரளவு நன்றாகவே தெரியும், அவள் பேசுவதும் கேட்கும். ஆனால் அம்மாவின் குரல் அந்தப் பக்கம் துண்டு துண்டாகத்தான் போய்ச் சேரும். ஒரு நாள் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, "அவளுக்கு என் கதை சலிச்சுப்போச்சு போல" என்றார். அவளுக்குச் சலிக்கவில்லை. கதை அவளைப் போய்ச் சேரவே இல்லை. அன்று ராத்திரி, இதைச் சரி செய்யாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

என்னைக் குழப்பியது ஒரே ஒரு விஷயம். அம்மாவின் போனில் வைஃபை அடையாளத்தில் இரண்டு கோடுகள் நன்றாகவே தெரிந்தன. அந்தப் பக்கத்துப் பேச்சு வருகிறது, இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் போகவில்லை. சிக்னல் என்றால் இருக்கும் அல்லது இருக்காது, பாதி வழி மட்டும் எப்படி இருக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிறகுதான் மற்றவை எல்லாம் பிடிபட்டன. அதற்கு முன்னால் இரண்டு தவறுகள் செய்தேன்.

முதல் தவறு, வேகம் கூடிய திட்டத்துக்கு மாறியது. ஹாலில் ஸ்பீடு டெஸ்ட் எண் ஏறியது, அம்மா அறையில் எதுவும் மாறவில்லை. மாறாது என்பது இப்போது புரிகிறது. வீட்டு வாசல் வரை வரும் இணையம் வேறு, வாசலிலிருந்து உள்ளே காற்றில் போகும் வைஃபை வேறு. இரண்டையும் "நெட்" என்று ஒரே பெயரில் சொல்வதால் எந்த இடத்தில் கோளாறு என்பது தெரியாமலே போய்விடுகிறது. ஒரு மடிக்கணினியை ஈதர்நெட் கேபிளால் நேராக ரவுட்டரில் செருகி வேகத்தைப் பாருங்கள். கேபிளிலும் மெதுவாக இருந்தால் இணைப்பு தருபவரைக் கூப்பிட வேண்டியதுதான். கேபிளில் நன்றாக இருந்து காற்றில் மட்டும் மெதுவாக இருந்தால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது, திட்டத்தை மாற்றிப் பயனில்லை. ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் யாரும் பணம் செலவழிக்கக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது தவறு ரிப்பீட்டர், அதாவது வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் கருவி. அதைப் பிறகு சொல்கிறேன்.

சிக்னலை எண்ணாகப் பார்க்க முடியும் என்று தெரிந்ததும்தான் வேலை ஒரு ஒழுங்குக்கு வந்தது. போனில் கிடைக்கும் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் காட்டும். அது எப்போதும் கழித்தல் எண்ணாகவே இருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம். -30 என்றால் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நிற்கிறோம். -50 மிக நன்று. வீடியோவில் தடையில்லாமல் பேச -67 வரையாவது வேண்டும் என்பது இந்தத் துறையில் பழகிய கணக்கு. -80 ஆகிவிட்டால் இணைப்பு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கணக்கின் உள்ளே ஒன்று ஒளிந்திருக்கிறது: இந்த எண் 10 குறைந்தால், அதாவது 10 டெசிபல் குறைந்தால், சக்தி பத்தில் ஒன்றாகிறது, 20 குறைந்தால் நூறில் ஒன்று, 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒன்று.

ஒரு நோட்டில் வீட்டின் படத்தைக் கோடு கோடாக வரைந்து, போனை மார்பளவில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். ஒவ்வோர் இடத்திலும் பத்து நொடி நின்று எண்ணை எழுதினேன். ஹால் சோபா -42. நடை -57. சமையலறை -63. அம்மாவின் கட்டில் -79. ஹாலில் இருக்கும் சக்தியில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான் அந்தக் கட்டிலுக்கு வந்து சேர்கிறது. போனில் தெரிந்த அந்த இரண்டு கோடுகள் இதில் எதையும் சொல்லவில்லை. கோடுகள் எத்தனை டெசிபலுக்கு ஏறி இறங்க வேண்டும் என்பதை ஒவ்வொரு போன் தயாரிப்பாளரும் தம் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே கோடுகளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

சரி, பாதி வழிக் கேள்விக்கு வருகிறேன்.

குழந்தைக்குக் கதை சொல்லும்போது அது "உம்" கொட்ட வேண்டும். உம் வரவில்லை என்றால் தூங்கிவிட்டதா, கவனிக்கவில்லையா என்று நிறுத்தி, சொன்ன இடத்தையே மறுபடி சொல்வோம். வைஃபை அப்படியே வேலை செய்கிறது. ரவுட்டர் ஒரு பொட்டலம் தரவை அனுப்பியதும் போன் "வந்தது" என்று ஒரு சின்னப் பதில் அனுப்ப வேண்டும். போன் அனுப்பினால் ரவுட்டர் உம் கொட்ட வேண்டும். பதில் வரவில்லை என்றால் அதே பொட்டலம் மறுபடி போகும், அப்புறமும் வரவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மறுபடி போகும். அதாவது வைஃபை வானொலி மாதிரி ஒரு பக்கம் மட்டும் பேசும் சமாசாரம் இல்லை. இரண்டு பேரின் குரலும் எட்ட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். சுவரில் செருகிய ரவுட்டருக்கு மின்சாரக் கவலை கிடையாது, ஆண்டெனாவும் பெரியது. போனுக்குள் இருப்பதோ விரல் நகம் போன்ற ஆண்டெனா. பேட்டரியையும் காப்பாற்ற வேண்டும் என்பதால் பெரும்பாலான போன்கள் ரவுட்டரைவிடத் தாழ்ந்த குரலில்தான் பேசுகின்றன. போனில் தெரியும் கோடுகள் ரவுட்டரின் குரல் போனுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டும் காட்டுகின்றன. போனின் குரல் ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பதை அவை காட்டுவதில்லை. அம்மாவுக்குப் பேத்தி கேட்டாள், பேத்திக்கு அம்மா கேட்கவில்லை. எட்டாமல் போனது போனின் குரல். பெரிய பெரிய ஆண்டெனாவும் அதிக சக்தியும் என்று விளம்பரப்படுத்தப்படும் ரவுட்டரை வாங்கி வாசலில் வைத்தால் கோடுகள் கூடலாம், இந்தக் குறை முழுதாகத் தீராது. ரவுட்டர் எவ்வளவு சத்தமாகப் பேசலாம் என்பதற்குச் சட்ட வரம்பும் உண்டு. வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஐரோப்பாவில் 100 மில்லிவாட்டுக்கு மேல் கூடாது. எனவே சத்தத்தைக் கூட்டுவதில் மனதைச் செலுத்தாமல், இருவருக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.

நோட்டுப் படத்தில் ரவுட்டரிலிருந்து அம்மாவின் கட்டிலுக்கு ஸ்கேல் வைத்து ஒரு நேர்கோடு போட்டேன். அந்தக் கோடு டிவியின் முதுகைத் தொட்டு, ஒரு செங்கல் சுவரைக் கடந்து, சமையலறையில் பிரிட்ஜுக்குள் புகுந்து வெளியே வந்து, இன்னொரு சுவரைக் கடந்து, அம்மா அறையின் இரும்பு பீரோவில் முட்டியது. பீரோக் கதவில் ஆளுயரக் கண்ணாடி வேறு. மரக்கதவும் மெல்லிய தடுப்புகளும் அலையை லேசாகத்தான் குறைக்கும். செங்கல் அதைவிடக் கூடுதலாகக் குறைக்கும், கம்பி கட்டிய கான்கிரீட் அதைவிடவும் அதிகம். இரும்புத் தகடு அலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்னால் இருப்பதும் உலோகப் பூச்சுதான். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும், அதனால் மீன் தொட்டி ஒரு நல்ல சுவருக்குச் சமம். மனித உடம்பும் பெரும்பாலும் தண்ணீர் என்பதால் கூட்டமான அறையில் சிக்னல் தளரும். இன்னொன்று, சுவரைச் சாய்வாகக் கடக்கும் அலைக்கு அந்தச் சுவர் இன்னும் தடிமனானது. என் கோடு இரண்டாவது சுவரை மிகவும் சாய்வாகத்தான் கடந்தது.

ரவுட்டர் எங்கே இருக்கலாம் என்பதை யாரும் வீட்டைப் பார்த்து முடிவு செய்வதில்லை. கேபிள் எங்கே நுழைகிறதோ, பிளக் எங்கே இருக்கிறதோ அங்கேயே ஆணி அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஃபைபர் வந்து முடியும் பெட்டியை நான் அசைக்கவில்லை. ஃபைபர் கண்ணாடி இழை, அதைக் கண்டபடி மடக்கக் கூடாது. அதற்குப் பதிலாக ரவுட்டரை மட்டும் கழற்றி, ஒரு நீளமான ஈதர்நெட் கேபிளால் பெட்டியோடு இணைத்து, நடையில் இருக்கும் உயரமான பலகைக்குக் கொண்டுபோனேன். சாதாரண கேட்-5இ கேபிள் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும், வீட்டுக்குள் நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. கதவுச் சட்டத்தின் ஓரமாகக் கேபிளைச் சின்ன ஆணிக் கிளிப் வைத்து அடித்தேன். புது இடத்திலிருந்து கட்டிலுக்கு ஸ்கேல் வைத்தால் நடுவில் ஒரு சுவர், ஒரு மரக்கதவு. பிரிட்ஜும் இல்லை, பீரோவும் இல்லை.

எண் -79லிருந்து -68 ஆனது. புதுச் சாமான் எதுவும் வாங்காமல், கேபிள் ஒன்றை இழுத்ததில் சக்தி பத்து மடங்குக்கு மேல் கூடிவிட்டது.

ஆண்டெனாவைப் பற்றி ஒரு வார்த்தை. குச்சி ஆண்டெனா தன் நுனி காட்டும் திசையில் அலையை வீசுவதாகப் பலர் நினைத்துக்கொண்டு, அதைத் துப்பாக்கி மாதிரி அறையை நோக்கிச் சாய்த்து வைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. நுனித் திசையில்தான் அலை மிகக் குறைவு. குச்சியைச் சுற்றி வளையமாக, பக்கவாட்டில் அது பரவுகிறது. ஒரே தளத்தில் பரவ வேண்டுமானால் குச்சி செங்குத்தாக நிற்க வேண்டும். மாடிக்கும் போக வேண்டுமானால் ஒன்றைப் படுக்கவைத்துப் பார்க்கலாம். ஆண்டெனா வெளியே தெரியாத ரவுட்டர் என்றால் தயாரிப்பாளர் எப்படி நிறுத்தச் சொல்கிறாரோ அப்படி நிறுத்துங்கள். அழகுக்காக அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள், சூட்டுக்கும் கெடுதல், சிக்னலுக்கும் கெடுதல்.

அளந்துகொண்டிருந்தபோது ஒரு விசித்திரத்தைப் பார்த்தேன். கட்டிலோரம் மேசையில் போனை வைத்தால் -74. அதே மேசையில் நாலு விரல் தள்ளி வைத்தால் -66. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன், திரும்பத் திரும்ப அப்படியே வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர். சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேராக வரும் அலையோடு சில இடங்களில் ஒன்றுசேர்ந்து பலம் பெறுகின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பலமான இடத்துக்கும் பலமற்ற இடத்துக்கும் நடுவில் சில சென்டிமீட்டர்தான். டிவியோ மேசைக் கணினியோ ஓரிடத்தில் மக்கர் செய்தால், ரவுட்டரை மாற்றுவதற்கு முன் அதைக் கையளவு தள்ளி வைத்துப் பாருங்கள்.

இந்த எதிரொலித் தொல்லைக்குப் பின்னால் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரலாறு இருக்கிறது. வீட்டுக்குள் கம்பியில்லாமல் வேகமாகத் தரவு அனுப்ப முடியாமல் பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது இந்த எதிரொலிதான். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவன் என்ற வானொலி வானியல் பொறியாளரும் அவர் குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அவர் அதற்கு முன்னால் வெடித்துச் சிதறும் சின்னக் கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய மங்கலான வானொலித் துடிப்புகளைத் தேடியவர். அந்தத் துடிப்புகள் கிடைக்கவில்லை. ஆனால் குழம்பி வரும் அலையிலிருந்து மூல அலையைப் பிரித்தெடுக்கும் கணித வித்தை அவர் கையில் தங்கியது. 1992இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வானத்தில் தேடியது கிடைக்காத ஒருவரின் உழைப்பு என் அம்மாவின் கட்டிலோரத்தில் வேலை செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனம் நிறைகிறது.

இனி அலைவரிசை. இப்போதைய ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 என்ற இரண்டு கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் வேலை செய்கின்றன, புதியவை சிலவற்றில் 6 இருக்கிறது. எண் கூடக் கூட வேகம் கூடும், சுவரைத் தாண்டும் பலம் குறையும். 2.4 தூரம் போகும், ஆனால் அங்கே எப்போதும் நெரிசல். புளூடூத் அங்கேதான் இருக்கிறது, மைக்ரோவேவ் அவன் வேலை செய்வதும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான், அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அத்தனையும் அங்கேதான். இந்த அலைவரிசைக்குள் சேனல்கள் என்ற சின்னப் பிரிவுகள் 13 இருப்பது போல் தோன்றும், சில நாடுகளில் 11. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்து நிற்பவை 1, 6, 11 மட்டும். நடுவில் காலியாக இருக்கிறதே என்று 3ஆம் சேனலைத் தேர்ந்தெடுத்தால் 1இல் இருப்பவருக்கும் 6இல் இருப்பவருக்கும் சேர்த்து இடைஞ்சல், உங்களுக்கும் இடைஞ்சல். அனலைசர் செயலியில் பார்த்து அந்த மூன்றில் கூட்டம் குறைந்ததை வையுங்கள், சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே விடுங்கள். 5இல் இந்தக் கவலை குறைவு. ஆனால் அதில் சில சேனல்கள் வானிலை ரேடார் போன்றவற்றோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை, ரேடார் தென்பட்டால் ரவுட்டர் அந்தச் சேனலைவிட்டு விலகியாக வேண்டும். அவ்வப்போது காரணமில்லாமல் துண்டிப்பு ஏற்பட்டால் 36 முதல் 48 வரையிலான சேனல்களுக்கு மாற்றிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் 2.4ஐக் கெடுத்துக்கொண்டிருந்த ஆளை நான் எதிர்பார்க்கவே இல்லை. குடும்பப் படங்களைச் சேமிக்க ரவுட்டரின் பின்னால் ஒரு ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தேன், யுஎஸ்பி 3.0 வகை. அந்த இணைப்பிலிருந்து கசியும் இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆய்வறிக்கையில் விளக்கியிருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றிய அன்று எண் மாறவில்லை, அதே -68தான். ஆனால் பேச்சு தெளிந்தது. அன்றுதான் பலம் ஒன்று, தெளிவு இன்னொன்று என்று எனக்கு உறைத்தது. கத்திப் பேசினாலும் பக்கத்தில் மிக்ஸி ஓடினால் கேட்காதல்லவா, அதுபோல.

இப்போது ரிப்பீட்டர். முதலில் வாங்கியதும் அதை அம்மாவின் கட்டில் பக்கத்துப் பிளக்கில் செருகினேன். சிக்னல் இல்லாத இடத்தில்தானே வைக்க வேண்டும் என்று தோன்றியது. போனில் கோடுகள் முழுவதும் நிறைந்தன, எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ராத்திரி எட்டு மணிக்கு அதே துண்டுக் குரல். போனுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவில் அருமையான சிக்னல், ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் அதே பழைய -79. கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? ரிப்பீட்டரைச் சிக்னல் செத்துப்போன இடத்தில் வைக்கக் கூடாது, இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் ஒரே சேனலில் கேட்டு, அதே சேனலில் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரில் ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது, வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மெஷ் என்று விற்கப்படுபவை, வீட்டில் பல இடங்களில் வைத்து ஒரே வலையாக இணையும் கருவிகள், இதைச் சாமர்த்தியமாகச் செய்கின்றன. சிலவற்றில் கருவிகள் தங்களுக்குள் பேசத் தனி அலைவரிசையே உண்டு. ஆனாலும் ஒவ்வொரு கருவியும் அடுத்ததன் காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி மெஷ்ஷுக்கும் மாறாது.

நான் கடைசியில் செய்தது இன்னொரு கேபிள். ரவுட்டரிலிருந்து அம்மா அறைக் கதவுக்கு மேல் வரை ஈதர்நெட் இழுத்து, அங்கே ஒரு பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக, அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் கருவியாக, மாற்றி வைத்தேன். அதன் அமைப்பில் அந்தப் பெயரிலேயே ஒரு தேர்வு இருந்தது. அது இல்லாத ரவுட்டரில் முகவரி வழங்கும் டிஎச்சிபி வேலையை நிறுத்திவிட்டு, ரவுட்டரின் முகவரியையும் மற்றதோடு மோதாதபடி மாற்றி, கேபிளை லேன் துளையில் செருகினால் போதும். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல், வேறு வேறு சேனல். வாடகை வீடு, சுவரில் கை வைக்க முடியாது என்பவர்களுக்கு மட்டும் மெஷ் சொல்வேன். கேபிள் இழுக்க முடிந்தவர்கள் கேபிளை இழுத்துவிடுங்கள். ஒரு நாள் கஷ்டம்தான்.

அதற்குப் பிறகும் ஒரு தொந்தரவு. அம்மா ஹாலிலிருந்து அறைக்குப் போனால் போன் நடை ரவுட்டரையே பிடித்துக்கொண்டு தொங்கியது, பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் இருந்தும் மாறவில்லை. எந்தக் கருவியோடு சேர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் போன்தான் முடிவு செய்கிறது, ரவுட்டர் அல்ல. நடை ரவுட்டரின் குரல் ஓரளவு கேட்கும்வரை போன் அதை விடாது. இதற்கு மருந்து, அந்த ரவுட்டரின் சக்தியை ஒரு படி குறைத்தது. அமைப்பில் உயர்வு, நடுத்தரம், குறைவு என்று இருந்ததில் நடுத்தரம் வைத்தேன். சிக்னலைச் சரி செய்யக் கிளம்பி, முடிவில் சக்தியைக் குறைத்ததும் வேலையின் ஒரு பகுதியாயிற்று.

கட்டிலில் இப்போது -48. மொட்டை மாடி மூலையில் இன்னமும் -77தான், அங்கே யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

அம்மாவுக்குப் பழக்கம் விடவில்லை. எட்டு மணிக்கு அழைப்பு சேர்ந்ததும் முதல் வார்த்தை இன்னமும் "கேக்குதா?" என்பதுதான். அவர் வாயை மூடுவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்துவிடுகிறது: "கேக்குது பாட்டி, மீதிக் கதையைச் சொல்லு."